உடைசல் தட்டில் போட்ட ஜாங்கிரி

ஏழு பஸ் நின்னு போற, எட்டாவது பஸ் மட்டும் எப்படிக் கை காட்டினாலும் நிக்காமப் போற எங்க வாகைவிலக்குல, புரட்டாசித் தூத்தல் விழுந்துக்கிட்டிருந்த ஒரு செவ்வாக்கெழம காலைல, உலகம்மா கையில இருந்த ஜாங்கிரித் துணி அவ பேச்சைக் கேக்க மாட்டேன்னுட்டுது. இருபத்தேழு வருசமா கேட்டுக்கிட்டிருந்த துணி அது. ஓட்டை போட்ட துணிக்குள்ள உளுந்து மாவை வச்சு முறுக்கிப் பிடிச்சு, காய்ஞ்ச நெய்யில ரெண்டு வட்டம், வட்டத்து மேல சங்கிலி சங்கிலியா வளையம், கண்ணை மூடிக்கிட்டுப் பிழிஞ்சாலும் ஒண்ணு போல ஒண்ணு வரும். அன்னைக்கு லைன்மேன் செல்லப்பா சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, கடை முன்னால வந்து நின்னு, "அக்கா, காக்கிலோ போடுங்க"ன்னு வாயைத் தெறந்தாரோ இல்லையோ, துணி தன்னால நகந்து, கீழ நாலு கால் விட்டு, பின்னங்கால் ரெண்டையும் நடுவுல ஒண்ணாச் சேத்து, அதை முன்னங்காலோட கோத்து ஒரு கோணவட்டம் போட்டு, வட்டத்துல இருந்து மேல மூணு சோடிக் கொம்பையும் இழுத்துவிட்டு, சொட்டு மாவு சிந்தாம நின்னுக்கிட்டுது.

"இது என்ன கூத்து"ன்னு உலகம்மா அதைக் கம்பியால எடுத்து உடைசல் தட்டுல போட்டா. மிட்டாய்க்கடைன்னா உடைசல் தட்டுன்னு ஒண்ணு இருக்கும்; கோணினது, ஒடிஞ்சது, கருகினது எல்லாம் அதுல கெடந்து சாயந்தரம் பாதி வெலைக்குப் போகும். எல்லாக் கடையிலயும் அந்தத் தட்டு நெறைஞ்சு கெடக்கும், உலகம்மா கடையில மட்டும் துடைச்சு வச்ச மாதிரி காலியாக் கெடக்கும். அதுதான் அவளுக்குப் பெருமை, பொட்டுத் தங்கம் போடாத காதுக்கும் கழுத்துக்கும் அவ போட்டிருந்த நகை அந்தக் காலித் தட்டுதான். அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள அது குமிஞ்சு போச்சு. டெய்லர் வந்து நின்னா ஒரு கோணல், சர்ச்சுல மணியடிக்கிறவரு வந்து நின்னா வேற ஒரு கோணல், ஆள் மாற மாற கோணலும் மாறுது, அதே ஆள் திரும்ப வந்து நின்னா அதே கோணல் திரும்ப வருது.

எல்லாம் கண்ணால பாத்ததுதான், காதுல கேட்டது இல்ல. எதிர்த்தாப்புல வளையல் கடை வச்சிருக்கிற சொர்ணம்தான் பேசுதேன். எனக்கு வாய் நீளம்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு. அவரு சொல்றதுல நெசம் அது ஒண்ணுதான்.

கண்ணைக் கசக்கிக்கிட்டு உலகம்மா துணியை அலசிக்கிட்டிருக்கையில, ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா நஸீமா குடையோட வந்து ஏறினாக. உடைசல் தட்டைப் பாத்தாக. ஒண்ணைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாக.

"இது யாரோடது?"

"யாரோடதுன்னா? உளுந்தோடது" அப்படின்னா உலகம்மா, மூக்கை உறிஞ்சிக்கிட்டே.

"இல்லம்மா. இது மண்டைக்குள்ள மூளைக்கு அடியில இருக்கிற ரத்தக்குழாய் வளையம். இதை வரையத் தெரியாம நான் ரெண்டு தடவை பெயிலாகியிருக்கேன், எனக்கா தெரியாது" அப்படின்னாக டாக்டரம்மா. அவுக ஆச்சரியப்படல. பரீட்சையில பாத்த சாமானை மிட்டாய்க்கடையில பாத்ததுல ஒரு சந்தோசம், அம்புட்டுத்தான். "கழுத்து வழியா நாலு குழாய் மேல போகுது. முன்னால ரெண்டு பெருசு, பின்னால எலும்போட ஒட்டி ரெண்டு சிறுசு. நாலும் மேல போய் இப்படி ஒரு வட்டமா கைகோத்துக்கிட்டு, அங்கேருந்துதான் மூளைக்குக் கிளை கிளையாப் பிரியுது. ஒரு பக்கம் அடைச்சா இன்னொரு பக்கம் சுத்தி வரட்டும்னுதான் இந்த வட்டம். எனக்கு ஒண்ணு சுத்துங்க பாப்போம்."

சுத்தினா. டாக்டரம்மாவுக்கு வட்டத்துல ஒரு பக்கம் தொடுப்பே இல்ல, வெட்டவெளி. "பாதிப் பேருக்கு மேல முழு வட்டம் கெடையாது. இது ஒண்ணும் குத்தம் இல்ல"ன்னு சிரிச்சுக்கிட்டே, அதைப் பாகுச்சட்டிக்குள்ள முக்காம, நாலு காலை மட்டும் பாகுல தொட வச்சுப் பிடிச்சாக. அப்ப நடந்ததை நான் என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்: பாகு கால் வழியா உறிஞ்சி உறிஞ்சி மேல ஏறுது, வட்டத்தைச் சுத்துது, கொம்புக்குக் கொம்பு பிரிஞ்சு, நுனி வரைக்கும் போய், ஆறு கொம்பும் ஆரஞ்சு நெறத்துல மினுமினுன்னு நிக்குது. லைன்மேனோடதை எடுத்து வச்சா, வலது கொம்பு ஒண்ணு வெளுத்தபடியே நிக்குது. அவரை ஆள் விட்டுக் கூப்பிட்டு வந்து பிரசர் பாத்தா நூத்தித் தொண்ணூறு. அன்னையில இருந்து மாத்திரை, நடை, ஊறுகாய்க்குத் தடை. மூணு வாரம் கழிச்சு அவருக்குத் திரும்பச் சுத்தினப்ப அந்தக் கொம்புல முக்கால்வாசி பாகு ஏறியிருந்துச்சு, அவரு பொண்டாட்டி கடை வாசல்லயே எங்களைக் கட்டிப்பிடிச்சு அழுதா.

அதுக்கப்புறம் கேக்கணுமா? ஊருக்கு ஒரு விசேசம் வந்துட்டா அதை வீட்டுச் சாமான் மாதிரி ஆக்கிக்கிடுறதுல எங்க ஊரை அடிச்சுக்க ஆள் கெடையாது. 'பாகு பாக்குறது'ன்னு அதுக்கு ஒரு பேரு வந்துச்சு. காலைல பல்லு வெளக்கி, காப்பி குடிச்சு, கோயிலுக்குப் போறவுக கோயிலுக்கும் பள்ளிவாசலுக்குப் போறவுக பள்ளிவாசலுக்கும் போயிட்டு, வரிசையில வந்து நின்னு பாகு பாத்துட்டு வேலைக்குப் போனாங்க. தன் ஜாங்கிரியைத் தானே திங்கக்கூடாது, ஆசைப்பட்ட ஆளுக்குத்தான் குடுக்கணும்னு ஒரு முறை தன்னால உண்டாச்சு, யாரு ஆரம்பிச்சாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நாப்பது வருசமா பேச்சுவார்த்தை இல்லாத ரெண்டு பங்காளிங்க, ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துல ஒரே மாதிரி சுழி இருக்கிறதைப் பாத்துட்டு, இது தாத்தா தலைன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சு, ஒருத்தன் ஜாங்கிரியை ஒருத்தன் தின்னுட்டு ஒண்ணா வீட்டுக்குப் போனாங்க. எங்க வீட்டுக்காரரு என்னோடதைப் பாத்துட்டு, "பேச்சு வர்ற பக்கம் கொம்பு எம்புட்டுத் தடிமன்னு பாரு"ன்னு கடை கடையாக் காட்டிக்கிட்டுத் திரிஞ்சாரு, சாயந்தரம் அதை யாருக்கும் குடுக்காமத் தானே தின்னாரு, அதனால சும்மா விட்டேன். "கண்ணால பாருங்க, வாயால பாக்காதீங்க, அப்புறம் சீனி ஏறி எங்கிட்டத்தான் வந்து நிப்பீங்க"ன்னு டாக்டரம்மா தெனம் ஒரு நடை வந்து கத்திட்டுப் போனாக.

ஆனா ஊருன்னு இருந்தா ஒரு கோட்டிக் கிறுக்கும் இருக்கத்தான செய்யும். டாக்டரம்மா பாகு ஏறுதா பாருங்கன்னு சொன்னாக. சனம் வட்டம் அழகா இருக்கான்னு பாத்துச்சு. முழு வட்டக்காரங்க நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்தாங்க. வார்டு மெம்பரு தனக்கு ஒரு பக்கம் ஒட்டலைன்னு, சட்டையை மாத்தி, மீசையை எடுத்து, மூணு தடவை வரிசையில வந்து நின்னாரு, மூணு தடவையும் ஒட்டல. கல்யாணத் தரகருங்க சாதகத்தோட ஜாங்கிரியும் கேட்டாங்க. "பொண்ணு நல்ல நெறம், பிகாம், முழு வட்டம்"னு ஒரு தரகரு என் காதுபடச் சொன்னாரு. இப்படிப் போய்க்கிட்டிருக்கையிலதான் நானே சும்மா இருக்காம ஒரு கல்யாணத்தை இழுத்துவிட்டேன்.

உலகம்மாவுக்கு அப்ப நாப்பத்தஞ்சு வயசு. அவ அப்பா அடுப்படியிலயே கண்ணை மூடினதுல இருந்து கடையைக் கட்டிக்கிட்டவ, வேற யாரையும் கட்டல. கடைக்குத் தண்ணி ஊத்துற லாரிக்காரரு தளவாய், நாலு தங்கச்சியைக் கட்டிக் குடுத்து முடிச்சுத் திரும்பிப் பாக்கையில தலை நரைச்சிருந்த மனுசன். ஆறு வருசமா தெனம் காலைல லாரியை நிறுத்தி, ஓஸை இழுத்து, கடை பக்கவாட்டுல இருக்கிற டிரம்முல போடுவாரு. டிரம்மு நெறைஞ்சு வழியும். இவரு ஓஸை எடுக்க மாட்டாரு. உலகம்மா திரும்பிப் பாத்து, "தண்ணிக்காரரே, வழியுது"ம்பா. "சரி மாஸ்டரே"ம்பாரு. ஆறு வருசமா அவுக ரெண்டு பேரும் பேசினது இந்த நாலு வார்த்தைதான், அதைத் தெனம் ஒரு தடவை பேசினாங்க. அந்தத் தண்ணி ஓடி ஓடி என் கடை வாசல்ல பசலைக்கொடி மொளைச்சுப் போச்சு. எனக்குப் பொறுக்கல. ரெண்டு பேருக்கிட்டயும் தனித்தனியாப் போய் நேராவே கேட்டுட்டேன். அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "அவுகளுக்குச் சம்மதம்னா"ன்னாரு. அவ கரண்டியைக் கீழ போட்டுட்டா. அப்புறம் எடுத்துக் கழுவுனா. அப்புறம் திரும்பவும் கீழ போட்டா. அதுதான் சம்மதம்.

ஊரு விடுமா? "மாஸ்டருக்கு மாப்பிள்ளைன்னா மொதல்ல பாகு பாக்கணும்ல"ன்னு புடிச்சுக்கிட்டாங்க. இத்தன நாளும் தளவாய் அடுப்புக்கு முன்னால வந்து நின்னதே இல்ல, பக்கவாட்டுலயே நின்னுட்டுப் போறவரு. ஐப்பசி மாசம் ஒரு வெள்ளிக்கெழம, வெள்ளை வேட்டி கட்டி, எண்ணெய் வச்சுத் தலை சீவி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கிட்டு வந்து அவ எதிர்ல நின்னாரு. விலக்கே கூடிருச்சு. உலகம்மா துணியைப் பிடிச்சா.

வந்துச்சு பாருங்க ஒண்ணு. அப்படி ஒரு அலங்கோலத்தை நான் அதுக்கு முன்னாலயும் பாக்கல, பின்னாலயும் பாக்கல. இடது முன்னங்கால் நேராப் போகாம ஒரு சுத்துச் சுத்தி, ஓஸ் மடிஞ்ச மாதிரி மடங்கி, மடங்கின எடத்துல மாவு நூலா மெலிஞ்சு போச்சு. பின்னால இருந்து வட்டத்துக்கு வர்ற தொடுப்பு எல்லாருக்கும் ஊசித்தண்டி இருக்கும், இவருக்கு அந்த இடது பக்கத்துல மட்டும் சுண்டுவெரல் தண்டிக்கு வளைஞ்சு நெளிஞ்சு புடைச்சுக்கிட்டு நின்னுச்சு. கூட்டம் எக்கி எக்கிப் பாக்குது. பின்னால நின்னவங்களுக்கு இன்னும் தெரியல. உலகம்மா மொகத்தைப் பாத்தேன், ரத்தம் சுண்டிப் போச்சு.

கடையில கூடமாட வேலை செய்ற பொம்பளைகிட்டச் சொல்ற மாதிரி உலகம்மா, "ச்சே, மாவு தண்ணியாப் போச்சு"ன்னு சத்தமாச் சொல்லி, வெடுக்குன்னு அதை எடுத்து உடைசல் தட்டுல போட்டுட்டு, வலது முழங்கையை இடது கையால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு, நகரப் பாக்குற துணியை நகர விடாம, அவ அப்பா சொல்லிக் குடுத்த அழகுக்கு ஒரு முழு வட்டம் போட்டா. நெத்தியில வேர்த்து ஊத்துது. கால், வட்டம், கொம்பு, எல்லாம் அளந்து வச்ச மாதிரி. அதோட காலைப் பாகுல தொட வைக்கல. அப்படியே பாகுக்குள்ள முழுசா முக்கி எடுத்து, தட்டுல வச்சு, எல்லாருக்கும் காட்டினா. கூட்டம் கை தட்டுச்சு, ஒருத்தன் விசில் அடிச்சான், தையில கல்யாணம்னு அங்கேயே பேசி முடிச்சாங்க. அவ முக்கி எடுத்ததை நான் பாத்தேன். பாத்துட்டும் நான் வாயைத் தெறக்கல. தெறக்க வேண்டிய அன்னைக்குத்தான் இந்த நீள வாய் பூட்டிக்கிட்டுது, அதை நெனைச்சா இப்பவும் எனக்கு வெக்கமா இருக்கு.

அன்னைக்குச் சாயந்தரம் உடைசல் எல்லாம் வித்துப் போச்சு. அந்த ஒண்ணை மட்டும் அவ எடுத்து, காலு கூடப் பாகுல படாம, பிஸ்கட் டப்பாவுல வச்சு மூடி, அப்பா படத்துக்குப் பின்னால வச்சுட்டா. மறுநாள் தனியாக் கேட்டேன்.

"ஏட்டி, அது என்ன செஞ்ச நீ?"

"கோணலா இருந்துச்சு சொர்ணம். அம்புட்டுப் பேரு முன்னால அந்த மனுசனை எப்படிக் கோணலாக் காட்ட? என் கையால?"

"பாகு ஏறுச்சா இல்லையான்னாவது பாத்தியா?"

"எனக்குப் பயமா இருக்கு"ன்னு சொல்லிட்டு அவ அடுப்பைப் பாத்துத் திரும்பிக்கிட்டா. ஏறலைன்னு தெரிஞ்சுட்டா அதுக்கப்புறம் ஆளை எப்படிப் பாக்கன்னு அவளுக்குப் பயம். சொன்னா கல்யாணம் நின்னுருமோன்னு ஒரு பயம், சொல்லாட்டி ஆளே நின்னுருவாரோன்னு ஒரு பயம். ரெண்டுக்கும் நடுவுல பதினோரு நாள் ஜாங்கிரி சுத்தினா. தெனம் அவரு வந்து டிரம்மு வழிய வழிய நின்னாரு. "மாஸ்டரே, கல்யாணத்துக்கு லாரிக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கப் போறேன், என்ன கலரு?"ன்னு, ஆறு வருச நாலு வார்த்தையைத் தாண்டி, மனுசன் அம்புட்டுப் பெரிய பேச்சு பேசினாரு. அவ "உங்க இஷ்டம்"னு சொல்லிட்டு அவரு கழுத்தையே பாத்துக்கிட்டு நின்னா.

பன்னெண்டாம் நாள் காலைல டிரம்மு நெறைஞ்சு வழிஞ்சப்ப, அவ வழக்கம் போலத் திரும்பிப் பாத்து, "தண்ணிக்காரரே, வழியுது"ன்னா. பதில் வரல. அவரு ஓஸை எடுக்கக் கையை நீட்டுறாரு, வலது கை நீளமாட்டேங்குது, தோள்ல இருந்து தொங்குது. வாயைத் தெறந்து "மா... மா..."ன்னாரு, மிச்சம் வரல, ஒதட்டோரம் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுது. ஓஸ் கீழ விழுந்து பாம்பா நெளிஞ்சு ஊரெல்லாம் தண்ணி.

உலகம்மா போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதுல நிக்குது. நெய்ச்சட்டியை அப்படியே விட்டுட்டு ஓடிவந்து அவரைத் தாங்கிப் பிடிச்சா. செல்லப்பாவும் டெய்லரும் ஆளுக்கொரு பக்கம் தூக்க, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டரம்மா மொதல்ல நூத்தியெட்டுக்குப் போன் போட்டாக, அப்புறம் கழுத்துல குழலை வச்சுக் கேட்டாக. "இடது பக்கம் உஸ்சு உஸ்சுன்னு சத்தம் கேக்குது"ன்னாக. பத்து நிமிசம் ஆச்சோ என்னமோ, அவரு வலது கை வெரல் ஒண்ணொண்ணா அசைஞ்சுச்சு. கை மேல வந்துச்சு. "மாஸ்டரே" அப்படின்னாரு, தெளிவா. நாங்க எல்லாரும் மூச்சு விட்டோம், டாக்டரம்மா விடல. "இது போயிட்டுத் திரும்பி வரும். வரும்போது பெருசா வரும். வண்டி வந்ததும் மதுரைக்குப் போகணும்"னாக. "ஏன் இப்படி ஆச்சு? இவருக்கு முழு வட்டம்னுல்ல ஊரே சொல்லுது?"ன்னு அவுகளே கேட்டாக.

அப்பத்தான் உலகம்மா எந்திரிச்சா. கடைக்கு ஓடினா. ஒரு கையில பிஸ்கட் டப்பா, இன்னொரு கையில பாகுச்சட்டி, முந்தானையில சுத்திப் பிடிச்சுக்கிட்டுத் திரும்ப ஓடிவந்து, மொத்த ஊரும் எட்டிப் பாத்துக்கிட்டிருக்கிற அந்த வாசல்ல நின்னு சொன்னா.

"இதுதான் இவுகளோடது. ஊருக்குக் காட்டுனது பொய். கோணலா இருக்குன்னு நான் உடைசல் தட்டுல போட்டு மறைச்சிட்டேன். என்னை என்ன வேணாலும் பேசுங்க, மொதல்ல இதைப் பாருங்க டாக்டரம்மா."

டாக்டரம்மா டப்பாவைத் தெறந்து, அந்த அலங்கோலத்தை ரெண்டு வெரலால பிடிச்சு, நாலு காலையும் பாகுல தொட வச்சாக. வண்டி வர இன்னும் இருபது நிமிசம். நாங்க முப்பது நாப்பது பேரு ஒருத்தர் தோள் மேல ஒருத்தர் கையை வச்சுக்கிட்டுப் பாத்தோம். வலது முன்னங்கால்ல பாகு ஏறுச்சு. பின்னங்கால் ரெண்டுலயும் ஏறிச் சேந்துச்சு. இடது முன்னங்கால்ல ஏறிப் போய், அந்த மடிப்புல வந்து, நின்னுக்கிட்டுது. நூல் மாதிரி கசியுது, தாண்டமாட்டேங்குது. அதுக்கு மேல இடது கொம்பு மூணும் வெள்ளை வெளேர்னு நிக்குது. உலகம்மா தளவாய் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, "ஏறிரு, ஏறிரு"ன்னு ஜாங்கிரியைப் பாத்துக் கெஞ்சுறா.

அப்பப் பின்னால இருந்து வந்துச்சு. சுண்டுவெரல் தண்டிக்குப் புடைச்சுக்கிட்டு நின்னுச்சே அந்தக் கோணத் தொடுப்பு, அது வழியாப் பாகு திரும்புச்சு. வளைஞ்சு, நெளிஞ்சு, யாரும் கூப்பிடாத கல்யாணத்துக்குச் சாமான் தூக்கிக்கிட்டு வர்ற சொந்தக்காரன் மாதிரி, மடிப்புக்கு அந்தாண்ட போய்ச் சேந்து, ஒரு கொம்பு செவந்துச்சு, ரெண்டாவது செவந்துச்சு, மூணாவது நுனி வரைக்கும் போகல, ஆனா முக்கால்வாசி போச்சு.

டாக்டரம்மாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "பாத்தியாம்மா? முன்னால குழாய் மடங்கியிருக்கு. இத்தனை வருசமா இந்தக் கோணல்தான் பின்னால இருந்து ரத்தத்தைக் கொண்டுவந்து இவரைப் பேச வச்சு லாரி ஓட்ட வச்சிருக்கு. நீ சுத்துன அழகு வட்டம் நெசமா இருந்திருந்தாக்கூட இம்புட்டு வராது. இது உடைசல் இல்ல, இவரு உசுரு."

உலகம்மா ஓன்னு அழுதா. தளவாய் கட்டில்ல சாஞ்சபடி அவளைப் பாத்தாரு.

"உடைசல் தட்டுலயா போட்டீக என்னை?"

"ஆமா."

"பாதி வெலைக்கா?"

"விக்கல! விக்கல தண்ணிக்காரரே, எடுத்து வச்சிருந்தேன்!"

"அப்பச் சரி"ன்னாரு மனுசன். "குழாய்னா மடங்கத்தான் செய்யும் மாஸ்டரே. தெனம் ஓஸ் மடங்குது, நான் உதறி விடல? இதையும் உதறிவிடுவாங்க. நீங்க அழாதீக. ஆனா ஒண்ணு, கல்யாணத்துல என்னை நெசமாச் சுத்தி வைக்கணும்."

நூத்தியெட்டு வந்துச்சு. டாக்டரம்மா எழுதிக் குடுத்த சீட்டுல, கீழ ஜாங்கிரியைப் பாத்து வரைஞ்சு, மடிப்புல ஒரு அம்புக்குறி போட்டிருந்தாக. மதுரையில ஸ்கேன் எடுத்துப் பாத்த பெரிய டாக்டரு சீட்டையும் ஸ்கேனையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, "இதை வரைஞ்சது யாரு?"ன்னு கேட்டாராம். கூடப் போயிருந்த உலகம்மா, "உளுந்து"ன்னு சொன்னாளாம். மடங்கின எடத்தை வெட்டி நேராக்கித் தச்சாங்க. அவ ஆஸ்பத்திரியில இருந்த ஒன்பது நாளும் கடை பூட்டிக் கெடந்துச்சு. ஊரே வந்து வந்து பூட்டைப் பாத்துட்டுப் போச்சு. தளவாய் லாரியை செல்லப்பா ஓட்டி எல்லா டிரம்முக்கும் தண்ணி ஊத்தினாரு, உலகம்மா கடை டிரம்மை மட்டும் வழிய விட்டுட்டுத்தான் ஓஸை எடுத்தாரு. மாஸ்டரு சொன்ன பொய்யைப் பத்தி ஒரு வார்த்தை பேசின ஆள் கெடையாது. வார்டு மெம்பரு கூட மீசையைத் திரும்ப வளத்துக்கிட்டாரு.

தை மாசம் அம்மன் கோயில்ல தாலி கட்டு. கழுத்துல நீளமாத் தையல் தழும்போட மாப்பிள்ளை, அந்தத் தழும்பு மேலயே அவ போட்ட மாலை. கோயில்ல இருந்து நேராக் கடைக்கு வந்தோம். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு அடுப்புக்குப் பின்னால உக்காந்து, அவ அவரை நெசமாச் சுத்தினா, தாம்பாளம் அகலத்துக்கு. கால் இப்ப நேரா இருந்துச்சு, அந்தப் புடைச்ச கோணத் தொடுப்பு அப்படியே இருந்துச்சு, அவ அதை நேராக்கல. உடைசல் தட்டை நல்லா வெளக்கி, அதுக்கு மேலதான் அந்த ஜாங்கிரியை வச்சு, வந்தவுகளுக்கெல்லாம் காட்டினா. பாகு ஆறு கொம்புலயும் நுனி தொட்டு நின்னுச்சு.

"சரி, மாஸ்டரோடது எங்க?"ன்னு யாரோ கேட்டாங்க. நாந்தான் கேட்டேன். அப்பத்தான் ஊருக்கே உறைச்சுச்சு: நாலு மாசமா எல்லாத் தலையும் சுத்தினவ, தன் தலையைச் சுத்தல. எப்படிச் சுத்துவா? அடுப்புக்கு முன்னால அவ ஒரு நாளும் நின்னதில்ல, எப்பவும் பின்னாலதான்.

தளவாய் பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டினாரு. "எந்திரிங்க மாஸ்டரே. முன்னால போய் நில்லுங்க."

"ஐயோ, உங்களுக்குத் துணி பிடிக்கத் தெரியுமா?"

"ஓஸ் பிடிக்கத் தெரியும்."

ஊரே குலுங்கிச் சிரிச்சுச்சு. உலகம்மா, இருபத்தேழு வருசத்துல மொதத் தடவையா, வாங்க வந்த ஆள் மாதிரி கடைக்கு முன்னால வந்து, கையை எங்க வைக்கன்னு தெரியாம நின்னா. தளவாய் துணியை ரெண்டு கையாலயும் கொரவளையை நெரிக்கிற மாதிரி பிடிச்சு அமுக்கினாரு. சொத்துன்னு ஒரு கட்டி விழுந்துச்சு, ஒரு கோடு ஓடுச்சு, நின்னுச்சு, திரும்ப ஓடுச்சு, அங்க ஒரு முடிச்சு இங்க ஒரு வாலு, கால் எதுன்னும் கொம்பு எதுன்னும் தேடித்தான் கண்டுபிடிக்கணும். நெய்யெல்லாம் அவரு வேட்டியில. கம்பியால எடுத்து நிமித்தினாரு.

"தண்ணிக்காரரே, இது என் தலைக் கோணலா, உங்க கைக் கோணலா?"

"யாருக்குத் தெரியும் மாஸ்டரே. காலைத் தொட வச்சுப் பாப்போம்."

வச்சாரு. பாகு ஏறுச்சு. முடிச்சுல நின்னு, யோசிச்சு, சுத்திக்கிட்டுப் போச்சு. வாலுல எறங்கித் திரும்பி வந்துச்சு. ஒரு கொம்பு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ஆறாவது கொம்பு மட்டும் வெளுத்தபடி நிக்குது. உலகம்மா எட்டி அவரு கையைப் பிடிச்சா, பாகு மெள்ள மெள்ள அந்த ஆறாவது கொம்புலயும் ஏறி, நுனியில ஒரு சொட்டாத் தேங்கி மினுங்குச்சு. அப்ப நாங்க அத்தனை பேரும் சேந்து போட்ட சத்தத்துல, எப்பவும் நிக்காத அந்த எட்டாவது பஸ் என்ன ஏதுன்னு பதறி பிரேக் போட்டு எங்க விலக்குல நின்னுருச்சு.